ஹோம் லோன் வர்றதுக்கு முன்னாடியே ஃபுட்டிங் செலவு வந்துடும்

தாத்தா விட்டுட்டுப்போன அரை கிரவுண்டு, லோன் சாங்ஷன் லெட்டர், எக்செல்ல ஒரு பட்ஜெட். மூணும் ரெடியா? அந்த எக்செல்லைத் திறங்க. மாடுலர் கிச்சனுக்கு ஒரு வரி இருக்கும், டைல்ஸுக்கு ஒரு வரி இருக்கும். மண் பரிசோதனைக்கு இருக்கா?

வீடு கட்டற கடன் மொத்தமா கைக்கு வராது. வேலை நடக்க நடக்க ஸ்டேஜ் ஸ்டேஜாத்தான் வரும். அதுவும் முதல்ல உங்க பங்கைப் போடச் சொல்வாங்க. அதனால வாணம் தோண்டறதும் ஃபுட்டிங் போடறதும் பெரும்பாலும் உங்க சேமிப்புலதான். மாசாமாசம் பிடிச்சு வெச்ச காசு கண்ணுக்குத் தெரியாம மண்ணுக்குள்ள போறப்ப யாருக்கும் வலிக்கும். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி, “பக்கத்து வீட்டுக்கு அஞ்சடிதான் சார் போட்டோம், ஒண்ணும் ஆகலையே”ன்னுவார். காசு மிச்சம்னு நீங்களும் தலையாட்டிடுவீங்க.

ஆட்டாதீங்க. தி.நகரையே எடுத்துக்கோங்க. 1920-கள்ல லாங் டேங்க்ங்கற பெரிய ஏரியைத் தூர்த்து உருவாக்கின பகுதி அது. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு இன்னும் இருக்கு, ஏரிதான் இல்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் போனா கடற்கரை மணல். மயிலாப்பூர் பழைய வீடுன்னா கொல்லையில கிணறு இருந்திருக்கும். எப்பவோ மூடின அந்தக் கிணத்து மேலேயே உங்க பில்லர் வந்தா? பக்கத்து வீட்டு அஞ்சடி உங்களுக்கு எந்த உத்தரவாதமும் தராது.

மண் பரிசோதனையில துளை போட்டு, 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்துலேர்ந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி ஆகுதுன்னு எண்ணுவாங்க. அதை வெச்சு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஃபுட்டிங்கோட ஆழம், அகலம், கம்பி அளவு சொல்வார். சில சமயம் இந்த ரிப்போர்ட் காசை மிச்சமும் பண்ணும். மேஸ்திரி பயத்துல கூடுதலாப் போடற கம்பி தேவையே இருக்காது.

பூமி பூஜைக்கு லீவு போட்டீங்கல்ல? கான்கிரீட் போடற அன்னிக்கும் போடுங்க. குழியில தண்ணி தேங்கியிருந்தா இறைக்கச் சொல்லுங்க. பிசிசி மேல கம்பி மேட், அதுக்குக் கீழ 50 மி.மீ. கவர் பிளாக், ஐ.எஸ். 456 ஃபுட்டிங்குக்குக் கேக்கற குறைந்தபட்சம் அது. ஜல்லியை முட்டுக் கொடுத்து ஒப்பேத்த விடாதீங்க, கம்பி மண்ணைத் தொட்டா துருதான். பிபிசி சிமென்ட்னா 10 நாளாவது ஈரம் காயாமப் பார்த்துக்கணும். வாணத்தை ஐப்பசி, கார்த்திகையில தோண்ட வேண்டாம்னு நான் சொல்லித்தான் தெரியணுமா!

பட்ஜெட் இடிக்குதா? கிச்சனை அடுத்த போனஸுக்குத் தள்ளுங்க, டைல்ஸ்ல குறைங்க. ரெண்டையும் பத்து வருஷம் கழிச்சுக்கூட மாத்திக்கலாம். எந்த ஸ்டேஜ்ல பேங்க் என்ன கேக்கும்ங்கறதைத் தனி வீடியோவாப் போடறேன். அதுக்குள்ள வேலை ஆரம்பிச்சிட்டா, கம்பி மேட் மேல டேப் வெச்சு நாலு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. கான்கிரீட் விழுந்தப்புறம் அதை யாராலயும் பார்க்க முடியாது.