படித்தவளுக்கு எதற்குக் கூலி?

2024 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கிக்காக இரண்டு தேர்வுகள் நடந்தன. 'டிராஃப்ட்' என்பார்கள். புதிதாக வரும் ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் நாள் அது. ஜூன் 10 அன்று செயின்ட் பால் நகரில் பெண்கள் லீகின் தேர்வில் முதலாவதாக அழைக்கப்பட்டவர் சாரா ஃபில்லியர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். நியூயார்க் அணி எடுத்துக்கொண்டது. ஜூன் 28 அன்று லாஸ் வேகாஸில் ஆண்கள் லீகான என்எச்எல்லின் தேர்வில் முதல் பெயர் மெக்லின் செலிப்ரினி. பாஸ்டன் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். சான் ஹோசே அணி எடுத்துக்கொண்டது. இருவரும் கனடாவில் பிறந்தவர்கள். இருவரும் அமெரிக்கக் கல்லூரியிலிருந்து வருகிறவர்கள். ஒப்பிடுவதற்கு இதைவிட வாகான ஜோடி கிடைக்காது.

ஃபில்லியருக்கு அப்போது 24 வயது. பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கம் கையில் இருந்தது, உலகப் போட்டித் தங்கங்கள் இருந்தன, கல்லூரி ஆட்டக்காலத்தை முழுதாக முடித்திருந்தார். செலிப்ரினிக்கு 18 வயது. கல்லூரியில் ஒரே ஒரு ஆண்டு. அவருடைய முதல் ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு அடிப்படைச் சம்பளம் 9,75,000 டாலர். பெண்கள் லீக் தொடங்கியபோது போட்ட ஒப்பந்தப்படி ஓர் அணியின் சராசரிச் சம்பளம் 55,000 டாலர்.

இந்தக் கணக்கைச் சொன்னதும் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, சந்தை. ஆண்கள் ஆட்டத்தை உலகம் பார்க்கிறது, பெண்கள் ஆட்டத்தை யார் பார்க்கிறார்கள் என்பது. அதற்குப் பிறகு வருகிறேன். இரண்டாவது பதில் பரிவு பூசிக்கொண்டு வரும்: "அவள் பிரின்ஸ்டனில் படித்தவள். நல்ல வேலை கிடைக்கும். அவளுக்கு என்ன குறை?" என்னை எரிச்சலூட்டுவது இதுதான். பெண் படித்துவிட்டாள் என்பதையே அவள் உழைப்புக்குக் கூலி கொடுக்காமலிருக்கக் காரணமாக்குகிற தந்திரம் இது. அதே கல்லூரியிலிருந்து வருகிற ஆணிடம் இதை யாரும் சொல்வதில்லை. அவன் படிப்பைப் பாதியில் விட்டாலும் அது துணிச்சல். அவள் படிப்பை முடித்தால் அது மாற்று ஏற்பாடு.

ஆண் ஆட்டக்காரனுக்குக் கல்லூரி ஒரு நடைபாதை. ஓராண்டோ இரண்டாண்டோ நடந்து அந்தப் பக்கம் போய்விடுவான். பெண்ணுக்கு அது நெடுங்காலம் கடைசி அறையாக இருந்தது. 1972இல் வந்த 'டைட்டில் நைன்' சட்டம், கூட்டரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்றது. அதன் பலத்தில்தான் மெல்ல மெல்லக் கல்லூரிகளில் பெண்களுக்கு அணி வந்தது, பயிற்றுநர் வந்தார், உதவித்தொகை வந்தது. மெல்ல என்று ஏன் சொல்கிறேன் என்றால், தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ பெண்கள் ஐஸ் ஹாக்கிக்கு முதல் சாம்பியன் போட்டி நடத்தியது 2001இல். சட்டம் வந்து 29 ஆண்டுகளுக்குப் பிறகு. சரி, வந்தது. ஆனால் சட்டம் கல்லூரி வாசலோடு நின்றுவிட்டது. நல்ல பனிக்களம், உடை மாற்றும் அறை, அடிபட்டால் பார்க்க மருத்துவர் என்று எல்லாம் இருபத்திரண்டு வயதுவரை. பட்டமளிப்பு விழா முடிந்த மறுநாள் ஒன்றுமில்லை.

கேமி கிரனாட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். பிராவிடன்ஸ் கல்லூரியில் ஆடி முடித்தார். அடுத்து எங்கே ஆடுவது? மான்ட்ரியால் நகரின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தார். அங்கே ஓர் அணி இருந்தது, அதற்காக. விளையாட்டை வைத்துக் கல்லூரியில் இடம் பிடிப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் விளையாட இடம் வேண்டும் என்பதற்காக மாணவியாகவே நீடித்தார். 1998 நகானோவில் பெண்கள் ஐஸ் ஹாக்கி முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது தங்கம் வென்ற அமெரிக்க அணியின் தலைவர் இவர்தான்.

பிறகு பெண்களுக்கென்று லீகுகள் வந்தன. 2007இல் தொடங்கிய கனடிய லீக் பத்தாண்டு காலம் வீராங்கனைகளுக்குச் சம்பளமே தரவில்லை. ஒலிம்பிக் பதக்கக்காரர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவிலும் வார இறுதியிலும் ஆடினார்கள். 2017-18 பருவத்தில்தான் 2,000 கனடிய டாலரிலிருந்து 10,000 வரை ஒரு தொகை தரப்பட்டது. அதையும் சம்பளம் என்று சொல்லவில்லை, மதிப்பூதியம் மாதிரியான ஒரு சொல். (நம்மூர்க் கல்லூரிகளில் 'கௌரவ' விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். ஊதியத்தில் கைவைக்கிறவர்கள் முதலில் மரியாதையைத்தான் அள்ளிக் கொடுப்பார்கள்.) 2019இல் அந்த லீக் மூடப்பட்டது. 2015இல் அமெரிக்காவில் தொடங்கிய இன்னொரு லீக் சம்பளம் தருகிறோம் என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தது. குறைந்தபட்சம் ஆண்டுக்கு 10,000 டாலர். இரண்டாவது பருவத்தின் நடுவில், 2016 நவம்பரில், அதிலும் பாதிவரை வெட்டினார்கள். ஆட்டங்கள் மட்டும் நிற்கவில்லை. நிறுத்தினால் பெண்கள் ஹாக்கியே செத்துவிடும் என்று ஆடுகிறவர்களிடமே சொல்லப்பட்டது. ஒரு தொழிலைச் சாகாமல் காக்கும் பொறுப்பு அதில் கூலி வாங்காதவளின் தலையில்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மாதம் 2017 மார்ச். உலகப் போட்டி மார்ச் 31 அன்று மிச்சிகன் மாநிலத்தின் பிளிமத்தில் தொடங்க வேண்டும். மார்ச் 15 அன்று அமெரிக்கத் தேசிய அணிப் பெண்கள், ஒப்பந்தம் இல்லாமல் ஆட மாட்டோம் என்று அறிவித்தார்கள். சங்கம் அவர்களுக்குத் தந்து வந்தது ஒலிம்பிக்கை ஒட்டிய ஆறு மாதங்களுக்கு மட்டும், மாதம் 1,000 டாலர். மீதிக் காலத்தில் அவர்கள் எதைத் தின்று ஓடிப் பழகுவது என்பது சங்கத்தின் கவலை இல்லை. நடப்புச் சாம்பியன்கள், சொந்த மண்ணில் போட்டி, டிக்கெட் விற்றாகிவிட்டது. சங்கம் என்ன செய்தது? எல்லா முதலாளிகளும் செய்வதைத்தான். மாற்று ஆள் தேடியது. கல்லூரி அணிகளிலிருந்தும் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்தும் பெண்களை அழைத்தது.

அந்த அழைப்பை ஒரு கல்லூரி மாணவியாக இருந்து நினைத்துப் பாருங்கள். ஆறு வயதில் ஸ்கேட்டிங் காலணி மாட்டியதிலிருந்து கனவு கண்ட நாட்டின் சட்டை. வழக்கமாக அது கிடைக்க வாய்ப்பே இல்லாதவளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைக்கிறது. இருபது வயது. இன்னொரு தடவை அழைப்பார்களா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அந்தப் பெண்கள் மறுத்தார்கள். ஒருத்தி இருவர் இல்லை, வரிசையாக. மறுத்ததைப் பொதுவெளியில் எழுதியும் வைத்தார்கள். சங்கத்தால் ஓர் அணியைத் தேற்ற முடியவில்லை. மார்ச் 28 அன்று உடன்பாட்டுக்கு வந்தது. ஆண்டு முழுக்க ஊதியம், ஆண்கள் அணிக்கு நிகரான பயண வசதி. பத்து நாள் கழித்து இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் ஹிலரி நைட் அடித்த கோலில் அமெரிக்கா கனடாவை 3-2 என்று வென்றது. கோப்பையை விட்டுத்தள்ளுங்கள். பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று நமக்குப் பாட்டி காலத்திலிருந்து ஓதுகிறார்களே, அவர்களிடம் காட்ட எனக்கு அந்தத் தொலைபேசி அழைப்புகள் வேண்டும்.

உடன்பாடு கையெழுத்தான மறுநாள், மார்ச் 29 அன்று, வடக்கு டகோட்டா பல்கலைக்கழகம் தன் பெண்கள் ஹாக்கி அணியைக் கலைத்தது. மாநில நிதி குறைந்துவிட்டது, செலவைக் குறைக்க வேண்டும் என்றார்கள். நீச்சல் அணிகளும் கூடவே போயின, ஆண்களுடையதும் சேர்த்து. ஆண்கள் ஹாக்கி அணி போகவில்லை. அது முந்தைய ஆண்டுதான் தேசியக் கோப்பையை வென்றிருந்தது. அந்த அணிக்கென்று ஒரு கொடையாளி 10 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டுக் கட்டிய அரங்கம் வளாகத்தில் நிற்கிறது, தோல் இருக்கைகளோடு. பெண்களும் அந்த அரங்கில்தான் ஆடினார்கள். அரங்கம் இருந்தது, பனி இருந்தது, பெண்கள்தான் கட்டுப்படியாகவில்லை.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தென்கொரியாவில் குளிர்கால ஒலிம்பிக் இறுதி ஆட்டம். கனடா ஒரு கோல் முன்னிலை. மூன்றாம் பகுதியில் சமன் செய்தவர் மோனிக் லாமரூ. ஆட்டம் சமனில் முடிந்து, தனித்தனியாக கோல் அடிக்கும் சுற்றில் வெற்றி கோலை அடித்தவர் அவருடைய இரட்டைச் சகோதரி ஜோசலின். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவுக்குக் கிடைத்த தங்கம் அது. இருவரும் வடக்கு டகோட்டா பல்கலைக்கழக அணியில் ஆடியவர்கள். இல்லாத அணியின் முன்னாள் மாணவியர். கலைக்கப்பட்ட அணியின் மாணவியர் டைட்டில் நைன் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தள்ளுபடியை ரத்து செய்தது. அதற்குள் நான்காண்டு. ஒரு கல்லூரி ஆட்டக்காரியின் முழு ஆயுளும் நான்காண்டுதான்.

இப்போது சந்தைக்கு வருவோம். என்எச்எல்லின் அரிசோனா அணி 2009இல் திவாலானது. சந்தை நியாயப்படி மூடியிருக்க வேண்டும். லீகே அந்த அணியை விலைக்கு வாங்கி நான்காண்டு தாங்கிப் பிடித்தது. பின்பு அரங்கம் கைவிட்டுப் போய், 2022 முதல் இரண்டு பருவங்கள் அந்த அணி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பனிக்களத்தில் ஆடியது. கல்லூரிக் களம். ஐந்தாயிரம் பேர்கூட உட்கார முடியாத இடம். அங்கே ஆடிய எந்த ஆணின் சம்பளமும் கூட்டத்தைப் பார்த்துக் குறைக்கப்படவில்லை. என்எச்எல் ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்சமே அப்போது ஆண்டுக்கு 7,50,000 டாலருக்குக் குறையவில்லை. அந்தக் காலத்திலேயே, 2024 ஏப்ரல் 20 அன்று, மான்ட்ரியாலின் பெல் சென்டரில் பெண்கள் லீகின் ஓர் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 21,105 பேர். ஆக, ஆணுக்கு நட்டம் வந்தால் முதலீடு, பெண்ணுக்குக் கூட்டம் வந்தால் ஆச்சரியம். இதைச் சந்தை என்று சொல்லாதீர்கள்.

அந்தக் கூட்டம் தானாக வரவும் இல்லை. கனடிய லீக் மூடியதும், 2019 மே மாதத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட வீராங்கனைகள், வாழ ஊதியம் தராத எந்த வட அமெரிக்க லீகிலும் ஆட மாட்டோம் என்று அறிவித்தார்கள். உடல் உச்சத்தில் இருக்கும் வயதில் நான்கு பருவங்களைக் கண்காட்சி ஆட்டங்களில் கழித்தார்கள். 2024 ஜனவரி 1 அன்று டொரன்டோவில் தொடங்கிய இப்போதைய லீக் அந்த நான்காண்டின் விலை. முதல் ஆட்டத்துக்கு முன்பே கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. மகப்பேறுக் கால உரிமைகள் அதில் உண்டு. 2023 ஜூலையில் பிள்ளை பெற்ற கெண்டல் கொய்ன் ஸ்கோஃபீல்ட், அடுத்த ஆண்டு மே மாதத்தில் மினசோட்டா அணித் தலைவராக முதல் கோப்பையைத் தூக்கினார்.

மகிழ்ச்சிதான். ஆனால் நன்றிக்கடன் பாடச் சொன்னால் மாட்டேன். இந்த லீகைத் தொடங்கியவர்கள் முதலில் செய்தது, போட்டியாக இருந்த அமெரிக்க லீகை வாங்கி மூடியது. 2023 ஜூனில் அங்கே போட்டிருந்த ஒப்பந்தங்கள் ஒரே இரவில் செல்லாதவை ஆயின. டேரில் வாட்ஸ், கல்லூரி முதலாண்டிலேயே நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனை விருது வாங்கியவர், அங்கே வரவிருந்த பருவத்துக்கு 1,50,000 டாலருக்குக் கையெழுத்திட்டிருந்தார். அதுவும் போயிற்று. இப்போது எல்லா அணிகளுக்கும் ஒரே முதலாளி. அங்கே கட்டுப்படியாகாவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போக முடியாது, பக்கத்தில் கடையே இல்லை.

கல்லூரிகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள் ஆடுகின்றன. 2024 டிராஃப்டில் அழைக்கப்பட்ட பெயர்கள் 42. அப்படி நுழைகிறவளுக்கும் லீகின் முதல் பருவத்தில் ஒப்பந்தம் காட்டிய அடிமட்டம் 35,000 டாலர். பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ அதை வைத்து வாடகை கொடுத்துப் பாருங்கள். அப்புறம் அவள் வேறு வேலை தேடுவாள். தேடினால், பார்த்தீர்களா, பட்டம் உதவுகிறது என்பார்கள்.

ஒப்பந்தம் 2031 வரை. பேரம் அதற்கு முன்பே தொடங்கும். அந்த 35,000இலிருந்துதான் தொடங்க வேண்டும்.