படத்தைத் திருத்தாதீர்!

அடையாள அட்டைக்காகக் கீழ்வேளூரில் போட்டோ எடுத்தேன். ஸ்டூடியோ அண்ணன், "கொஞ்சம் வெளுப்பாப் போட்டிருக்கேன் தம்பி"ன்னார். பார்த்தால், அம்மா கொடுத்த கருப்பையே காணோம்!

நைஜீரியாவின் லாகோஸில் 1955-ல் பிறந்த ரோட்டிமி ஃபானி-கயோடே இப்படித் திருத்த விடவில்லை. தான் கருப்பர், ஆணை நேசிக்கும் ஆண் என்ற இரண்டையும் மறைக்காமல், லண்டனில் தன் உடலையே கேமரா முன் நிறுத்தினார். 1989-ல், 34 வயதில் மறைந்தார். 1988-ல் அவரோடு சேர்ந்து, கருப்பினப் புகைப்படக் கலைஞர்களுக்காக 'ஆட்டோகிராஃப்' அமைப்பைத் தொடங்கியவர்களில் டெல்லியில் பிறந்த சுனில் குப்தாவும் ஒருவர். 1995-ல் தனக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தபின், அவரும் தன்னையே படமெடுத்து உலகுக்குக் காட்டினார்.

தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நம்ம ஹாஸ்டலில் ஒருத்தனை 'ஒரு மாதிரி'ன்னு சொல்லிச் சிரிக்கிறோமே! போன வருஷ குரூப் போட்டோவில் அவன் இல்லை. யாராவது கவனிச்சோமா? நானும்தான் சிரிச்சேன், வெட்கப்படுகிறேன்.

இந்த வருஷம் அவன் தோளில் கை போட்டு நிற்கப் போகிறேன். நீங்களும் வாங்க. படத்தைத் திருத்தியது போதும், பார்வையைத் திருத்துவோம்!