கார்ட் ஒரு பையில், கொப்பி இன்னொரு பையில்



"இவன் ஏற்கனவே வருத்தக்காரன். அதுக்கு மேலை ஊசியும் ஏத்தினால் தாங்குவானா?"

மன்னார் நானாட்டான் பக்கம் இந்தக் கேள்வி காதில் விழாத குடும்பநல உத்தியோகத்தர் இருக்கமாட்டார். வங்காலையிலும் முருங்கனிலும் கேட்கிறார்கள், கொழும்பில் படித்த வீடுகளிலும் கேட்கிறார்கள். முட்டு உள்ள பிள்ளை, இதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளை, வலிப்புக்கு மருந்து குடிக்கும் பிள்ளை, தலசீமியாவுக்கு இரத்தம் ஏற்றும் பிள்ளை. இவர்களைப் பெற்றவர்களின் பயத்தை நான் பழிக்கமாட்டேன். ஏற்கனவே வைத்தியசாலையும் வீடுமாக அலைகிற தாய், இன்னொரு காய்ச்சல் இரவை வலிய வாங்குவாளா?

ஆனால் கணக்கு மறுபுறமாக இருக்கிறது. சுகமான பிள்ளை இருமி இருமி ஒருவாறு தப்பிவிடும் கக்குவானில், இதயக் கோளாறுள்ள கைக்குழந்தை மூச்சுக்குத் தவித்துப்போகும். சின்னமுத்து வந்தால் நுரையீரலைத்தான் முதலில் பிடிக்கும். முட்டுக்காரப் பிள்ளைக்கு அங்கேதான் பலவீனம். ஊசியால் வரும் ஒருநாள் காய்ச்சல் பனடோலோடு போய்விடும்.

இலங்கையின் தடுப்பூசிச் சாதனையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1978இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம், வழமையான ஊசிகளை நூற்றுக்கு 95க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. கடைசிப் போலியோ நோயாளி 1993இல். 1995இல் போலியோச் சொட்டு மருந்து நாட்களுக்காகப் போரே ஒதுங்கி வழிவிட்டதை எங்கள் மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2019இல் சின்னமுத்து ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023இல் அது திரும்பவும் தலைகாட்டியது. 2024 ஜனவரியில் தெரிந்தெடுத்த மாவட்டங்களில் ஒன்பது மாதம் ஆகாத குழந்தைகளுக்கும் மேலதிக ஊசி போட்டார்கள். ஊசி தவறியவர்களைத் தேடித்தான் அந்த வைரஸ் வரும். சதவீதம் எவ்வளவு உயர்ந்தாலும் தவறியவர் யார் என்பதை அது சொல்லாது.

என் எண்ணத்தில், வருத்தக்காரப் பிள்ளைக்கு ஊசி தவறுவதற்குத் தாயின் பயம் பாதிக் காரணம்தான். மீதி, இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் கிடக்கிறது. பிறந்தவுடன் தரும் வளர்ச்சிப் பதிவேடு ஒன்று. ஊர் வழக்கில் 'கார்ட்'. நிறை, உயரம், ஊசித் திகதி எல்லாம் அதில். நோய் என்று தெரிந்தபின் மன்னார் பொது வைத்தியசாலையில் தரும் கிளினிக் கொப்பி மற்றது. கார்டைப் பார்ப்பவர் குடும்பநல உத்தியோகத்தர். கொப்பியைப் பார்ப்பவர் சிறுபிள்ளை வைத்திய நிபுணர். "பெரிய டொக்டரிட்டைக் கேட்டுக்கொண்டு வாங்கோ அம்மா" என்று உத்தியோகத்தர் அனுப்புவார்; அது சரியான எச்சரிக்கைதான். அங்கே போனால் இரத்த அறிக்கை, மருந்தின் அளவு, அடுத்த ஸ்கான் என்று பேச்சு ஓடும். வெளியே நிறையப் பேர் காத்திருப்பார்கள், முருங்கன் பஸ்ஸும் போய்விடும். ஊசிப் பேச்சு வராது. கார்ட் வீட்டில் அலுமாரிக்குள் இருக்கும். அடுத்த முறை "கேட்டீங்களா?" என்றால், "மறந்துபோனன் மிஸ்." காலபோக அறுவடை வந்தால் அந்த அடுத்த முறையும் தள்ளிப்போகும். இப்படியே ஒன்றரை வயதில் போடவேண்டியது மூன்று வயதிலும் போடப்படாமல் நிற்கும். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, போடுங்கள் என்றும் சொல்லவில்லை.

இடையில் ஒன்று: வாதக் காய்ச்சலால் இதயம் பாதித்த பிள்ளைக்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை ஏற்றும் பெனிசிலினைத் தடுப்பூசி என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். "மாதாமாதம் ஏத்துறம்தானே" என்பார்கள். அது வேறு வேலை செய்யும் ஊசி. சின்னமுத்தையும் தொண்டைக்கரப்பானையும் அது மறிக்காது.

இரண்டு புத்தகத்தையும் ஒரே மேசையில் வைத்தால் எப்படி இருக்கும் என்பதை இந்த நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. 2021 செப்டெம்பர் கடைசியில், 12 முதல் 19 வயது வரையான நாட்பட்ட நோயுள்ள பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் பைசர் கொரோனாத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை தொடங்கிய இடங்களில் ஒன்று. மற்றப் பாடசாலைப் பிள்ளைகளின் முறை அதற்குப் பிறகுதான். ஊசி வைத்தியசாலையில், சிறுபிள்ளை வைத்திய நிபுணரின் கண்காணிப்பில். நோயைத் தெரிந்தவரே ஊசியையும் தீர்மானித்தார். வழமையான ஊசிகளுக்கு ஏன் இந்த ஒழுங்கு எல்லா மாவட்டத்திலும் நிரந்தரமாக வரக்கூடாது?

எல்லாருக்கும் எல்லா ஊசியும் போடலாம் என்று நான் சொல்லவரவில்லை. பிறவியிலேயே நோயெதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்த பிள்ளைக்கு பி.சி.ஜி.யும் வாய்வழிப் போலியோச் சொட்டும் ஆபத்து. புற்றுநோய் மருந்து ஏறும் பிள்ளைக்கு, சின்னமுத்துக்கான எம்.எம்.ஆர். போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் கூடாது. நெப்ரோட்டிக் நோய்க்குப் பிரெட்னிசலோன் கூடிய அளவில் இரண்டு கிழமைக்கு மேல் குடித்த பிள்ளை, நிறுத்தியபின் குறைந்தது ஒரு மாதமாவது அந்த ஊசிகளுக்குப் பொறுக்கவேண்டும். இரத்தமோ இம்யூனோகுளோபுலினோ ஏற்றியிருந்தால் எம்.எம்.ஆர். சரியாகப் பிடிக்காது, எப்போது போடுவதென்று வைத்தியர் கணக்குப் பார்ப்பார். மண்ணீரலை எடுக்கப்போகும் பிள்ளைக்கு மாறாக அவசரம்: முடிந்தால் சத்திரசிகிச்சைக்கு இரண்டு கிழமையாவது முந்தி நியூமோகொக்கல் ஊசி போட்டிருக்கவேண்டும்.

இப்படியான விலக்குகள் சிலதான். முட்டுக்கு இன்ஹேலர் இழுப்பது விலக்கல்ல. இதயத்தில் ஓட்டை விலக்கல்ல. கட்டுப்பாட்டில் உள்ள வலிப்பு, நீரிழிவு, டவுண் சின்ட்ரோம், நிறை குறைவு, குறைமாதப் பிறப்பு, எதுவும் ஊசியை நிறுத்தக் காரணமல்ல. தவறிப்போனால் முதலிலிருந்து தொடங்கவும் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வருத்தக்காரப் பிள்ளையின் தம்பி தங்கைகளின் ஊசியையும் விடாதீர்கள். நோய் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் அவர்களோடுதான்.

பாடசாலையில் இன்னொரு பொறி இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு 2017 முதல் எச்.பி.வி. ஊசியும், அதற்கடுத்த வகுப்பில் ஏற்புவலிக்கும் தொண்டைக்கரப்பானுக்குமான ஊசியும் வகுப்பிலேயே போடுகிறார்கள். அன்றைக்குத் தலசீமியாப் பிள்ளை இரத்தம் ஏற்ற வைத்தியசாலையில் இருக்கும். வரவுப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று விழுந்தால் கதை முடிந்தது. வகுப்பாசிரியர்களே, அந்தப் பெயரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பணம் உள்ளவருக்கு மட்டும் கிடைக்கும் ஊசிகளைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். இன்ஃபுளுவென்சா ஊசி எங்கள் தேசிய அட்டவணையில் இல்லை. இங்கிலாந்தில் இருக்கும் வாசகர்களுக்குத் தெரியும், முட்டோ நீரிழிவோ உள்ள பிள்ளைக்கு ஆறு மாத வயதிலிருந்தே ஆண்டுதோறும் அது இலவசம். இங்கே தனியாரிடம் விலைகொடுத்து வாங்கவேண்டும். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்யும் குடும்பத்திடம் அதை வாங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாட்பட்ட நோயுள்ள பிள்ளைகளுக்காவது அரசு அதைக் கொடுக்கவேண்டும் என்று இந்தப் பக்கத்தில் தொடர்ந்து எழுதுவோம்.

சிறுபிள்ளை வைத்தியர் ஒருவரிடம் உங்கள் கேள்விகளைக் கொடுத்துப் பதில் வாங்கி வரும் இதழ்களில் வெளியிட எண்ணியிருக்கிறோம். தபாலட்டையில் எழுதுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம். வயது, வருத்தம், குடிக்கும் மருந்து, கடைசியாகப் போட்ட ஊசி, இவை போதும். மருந்தின் பெயரைக் கிளினிக் கொப்பியிலும் ஊசியின் திகதியைக் கார்டிலும் பார்த்து எழுதுங்கள். எழுதி முடித்ததும் இரண்டையும் ஒரே பைக்குள் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்