மனைவி வாங்கிய கேமரா

லண்டனில், சர்வதேச காபி அமைப்பில் பொருளாதார நிபுணர் வேலை. நல்ல சம்பளம். ஆப்பிரிக்காவுக்கு அடிக்கடி அலுவல் பயணம். பிரேசில்காரரான செபஸ்தியாவோ சல்காடோவுக்கு அப்போது ஒரு குறையும் இல்லை.

கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த மனைவி லெலியா, தன் படிப்புக்காக ஒரு கேமரா வாங்கியிருந்தார். பயணங்களுக்கு அதை எடுத்துப்போன சல்காடோவுக்கு, அறிக்கை எழுதுவதைவிடப் படமெடுப்பதே பிடித்துப்போனது. 1973-ல், 29 வயதில் வேலையை உதறினார். லெலியா துணை நின்றார்.

1986-ல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்துக்குப் போனார். மண் மூட்டைகளோடு எறும்புக் கூட்டம்போல் ஏணியேறிய தொழிலாளர்களை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை உலகமே பேசியது.

ஆனால், 1994-ல் ருவாண்டா இனப்படுகொலையின் கோரத்தைப் படம்பிடித்த பிறகு உடம்பும் மனசும் ஒடிந்துபோயின. புகைப்படத் தொழிலே வேண்டாம் என்று அப்பாவின் பண்ணைக்குத் திரும்பினார். சிறு வயதில் பார்த்த காடு அங்கே இல்லை. காய்ந்த மண்தான் இருந்தது.

இங்கே மறுபடியும் காடு வளர்க்கலாம் என்று யோசனை சொன்னவர் லெலியா. 1998-ல் இருவரும் அதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 20 லட்சத்துக்கும் அதிகமான கன்றுகள் நடப்பட்டன. வற்றிய ஊற்றுகளில் தண்ணீர் வந்தது, பறவைகள் வந்தன. கூடவே, படமெடுக்கும் ஆசையும் வந்தது. 2004-ல் மனிதக் கை படாத இயற்கையைத் தேடி மீண்டும் கேமராவோடு கிளம்பினார்.

2025 மே மாதம், 81 வயதில் சல்காடோ மறைந்தார். வாழ்க்கையில் இரண்டு முறை அவர் புகைப்படக்காரர் ஆனார். முதல் முறை லெலியாவின் கேமராவால். இரண்டாவது முறை, லெலியா நடச் சொன்ன மரங்களால்.