கடன்பட்டோருக்கும் ஜகாத்தில் பங்குண்டு

1960-இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. எல்லை மாறியதேயன்றி வறுமை மாறவில்லை. இப்பக்கம் பொதட்டூர்பேட்டையிலும் அப்பக்கம் நகரியிலும் விசைத்தறிக் கூலியை நம்பிய குடும்பங்கள் குழுக்கடன் தவணைக்கு அஞ்சியே வாரத்தை எண்ணுகின்றன.

ஏழை நாடுகளின் முன்னேற்றத்தை ஆராயும் அறிஞர்கள் சிறுகடனை அருமருந்தெனப் போற்றிய காலமுண்டு. வழிகாட்டியவர் ஒரு முஸ்லிம். வங்கதேசப் பேராசிரியர் முஹம்மது யூனுஸ். 1976-இல் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு 27 டாலர் கொடுத்துத் தொடங்கிய முயற்சி, 1983-இல் கிராமீன் வங்கியாயிற்று. 2006-இல் நோபல் பரிசும் பெற்றது. ஏழைகளைக் கந்துவட்டியினின்று மீட்க எண்ணிய அந்நன்னோக்கை நாம் குறை கூறவில்லை. ஆயினும் வட்டி அங்கும் இருந்தது. பின்னர் இலாபமே குறியாகப் பலர் அவ்வழியில் புகுந்தனர். வசூல் நெருக்கடியால் தற்கொலைச் செய்திகள் பெருகவே, 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. தமிழகமும் 2025-இல் சட்டம் இயற்றியுள்ளது.

சட்டம் வசூலிப்பவரைக் கட்டுப்படுத்தும். அடுப்பெரியக் கடன் கேட்கும் தேவையை என் செய்யும்?

இடருற்ற கடனாளிக்கு அவகாசம் தரவும், இயன்றால் விட்டுக்கொடுக்கவும் அல்பகரா அத்தியாயம் பணிக்கிறது. ஜகாத் பெறும் எண்வகையினரில் கடன்பட்டோரும் உளர். நாமோ ரமலானில் ஆளுக்கொரு புடவை கொடுத்துக் கடமை முடிந்ததென்கிறோம். (ஜவுளிக்கடைச் சகோதரர்கள் பொறுத்தருள்க!) அதனைப் பைத்துல்மாலில் திரட்டினால், ஆண்டுக்கு இரண்டு குடும்பங்களையேனும் ஒரு மஹல்லா கடனினின்று விடுவிக்கலாகாதா? வசதியுள்ளோர் வட்டியில்லா அழகிய கடனுக்கென ஒரு நிதி வைக்கலாகாதா?

வட்டி ஹராமென்று மிம்பரில் நின்று நானும் முழங்குகிறேன். தொழுகை முடிந்ததும், “ஹஜ்ரத், அப்படியானால் கடனுக்கு எங்கே போவது?” என்று ஒருவர் வினவினால், எந்த ஜமாஅத்தின் கதவை நான் காட்டுவேன்?