கோபாலைக் காணவில்லை!

2020 ஏப்ரல். கொரோனாவில் வேலை இழந்தவர்கள் உதவித்தொகை கேட்டு மொத்தமாக விண்ணப்பிக்க, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில அரசின் பழைய கம்ப்யூட்டர்கள் திணறிப்போயின. 'கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள்' என்று ஆளுநர் பில் மர்ஃபி வெளிப்படையாகவே கேட்டார். பக்கத்து வீட்டு கோபால் இல்லைங்க. 1959-ல் பிறந்த கம்ப்யூட்டர் மொழி அது. இன்றும் பல வங்கிகளின் கணக்கு வழக்கு அதில்தான் ஓடுகிறது.

ஆனால், புரோகிராமர்களிடம் ஆன்லைனில் எடுக்கப்படும் சர்வேக்களில் இந்த கோபாலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற இணையதளம் 2011-லிருந்து வருடா வருடம் ஒரு சர்வே எடுக்கிறது. 2023-ல் கிட்டத்தட்ட 90,000 பேர் பதில் சொன்னார்கள். முதலிடம் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு, நூற்றில் 60 பேருக்கு மேல் அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். கோபாலுக்கு நூற்றில் ஒருவர்கூட இல்லை.

சர்வே பொய் சொல்லவில்லை. யாரிடம் கேட்டது என்பதுதான் விஷயம். வேலையில் சிக்கல் வந்தால் புரோகிராமர்கள் கேள்வி கேட்கப் போகும் இடம் அந்தத் தளம். அங்கே வந்துபோகிறவர்கள் கண்ணில்தான் சர்வே அதிகம் படும். அவர்களிலும் நேரமும் பொறுமையும் இருப்பவர்களே நிரப்புவார்கள். 30 வருடமாக ஒரே வங்கியில் கோபால் எழுதும் மனிதருக்கு அங்கே என்ன வேலை? 2022 சர்வேயில் பதில் சொன்னவர்களில் பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். ஓ.எம்.ஆர் கம்பெனி பஸ்ஸில் ஒருமுறை ஏறியவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

தலைகள் அதிகம் என்பதால் மட்டும் கணக்கு சரியாகிவிடாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளியவர் ரூஸ்வெல்ட். டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலைப் பார்த்துத்தான் பெரும்பாலும் தபால் போட்டிருந்தார்கள்.

யாரிடமும் கேட்காத பட்டியலும் உண்டு. நெதர்லாந்தின் 'டியோபி' நிறுவனம், ஒரு மொழியின் பெயர் எத்தனை இணையப் பக்கங்களில் வருகிறது என்று தேடுபொறிகளை வைத்து எண்ணுகிறது. 2021 அக்டோபரில் அங்கே பைத்தான் முதலிடம் பிடித்தது. அந்த சர்வேயின் ஹீரோவான ஜாவாஸ்கிரிப்ட் இங்கே முதல் ஐந்தில்கூட இல்லை.

ஒரே சர்வேயை வருடா வருடம் ஒப்பிட்டால், எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று ஓரளவு தெரியும். அதற்கு மேல் அதை இழுக்கக் கூடாது. 'உலகின் நம்பர் 1 மொழி' என்று நோட்டீஸ் அடித்து கோடிங் வகுப்புக்கு ஃபீஸ் கேட்டால், 'எந்தப் பட்டியலில், யாரைக் கேட்டு நம்பர் 1?' என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். பிள்ளை எந்த வேலைக்குப் போக நினைக்கிறதோ, அந்த வேலை விளம்பரங்கள் பத்தைப் படித்துப் பார்ப்பதும் நல்லது. அங்கே 'மெயின்ஃப்ரேம்' என்று போட்டிருந்தால், நம்ம கோபால் பெரும்பாலும் அதற்குள்தான் இருப்பார்.