இரவுக்கு ஒரு தாழ்ப்பாள்

ஐந்து பெண்கள் சேர்ந்து கடற்கரைக்குப் போகிறோம், இரண்டு இரவு தங்கிவிட்டு வருவோம் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் கேள்வி, “கூட யாரு வர்றா?” ஐந்து பேர் என்று சொல்லி முடித்த பிறகு வரும் கேள்வி இது. கேட்பவருக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. பெண்ணோடு பெண் போனால் அது ‘கூட’ என்ற கணக்கில் சேராது என்பதுதான் அவர் படித்த வாய்ப்பாடு. பத்து வயதுத் தம்பி ஒருவன் வருகிறான் என்று சொல்லுங்கள், கேள்வி அடங்கிவிடும்.

வாய்ப்பாடு பழையது. கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியல் எழுதிவைத்திருக்கிறது. நெய்தல் திணைக்கு நம் மரபு கொடுத்த உரிப்பொருள் இரங்கல். கடல் அவனுக்குப் போகும் வழி, அவளுக்குக் காத்திருந்து அழும் கரை. ஆண்டுதோறும் நான் நெய்தல் பாடல்களை வகுப்பில் நடத்துகிறேன். புன்னையும் தாழையும் உப்பங்கழியும் தேர்வுத்தாளில் பிழையில்லாமல் எழுதும் என் மாணவிகளில் பலர், கடலை ஓர் இரவு தங்கிப் பார்த்ததில்லை. கல்லூரிச் சுற்றுலாவில் பேருந்திலிருந்து இறங்கி, ஆசிரியர் விசில் ஊதும்வரை கணுக்கால் நனைத்துத் திரும்பியவர்கள் அவர்கள். நிலா எழும் கடல் அவர்களுக்குப் பாடத்திட்டத்தில்தான் இருக்கிறது.

கடலோரத்துப் பெண்களுக்கோ கடல் வேலையிடம். மன்னார் வளைகுடாவில் மூழ்கிக் கடற்பாசி எடுப்பவர்கள் பெண்கள். விடியுமுன் ஏலத்துக்கு வந்து மீன் எடுத்துக் கூடை சுமப்பவர்கள் பெண்கள். அவர்களை யாரும் “கூட யாரு?” என்று நிறுத்துவதில்லை. செவ்வாடை உடுத்தி மேல்மருவத்தூருக்கு வண்டி வண்டியாகப் போகும் பெண்களுக்கும், வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் பெண்களுக்கும் வீடு அனுமதி தருகிறது. உழைக்கப் போகலாம், வேண்டிக்கொள்ளப் போகலாம். சும்மா போய் உட்கார்ந்து அலையைப் பார்க்கப் போகிறேன் என்றால்தான் விசாரணை தொடங்குகிறது. ஷில்பா பாட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் மும்பையை வைத்து எழுதிய ‘வொய் லாய்ட்டர்?’ நூலின் வாதமும் இதுதான்: காரணம் எதுவும் காட்டாமல் பொதுவெளியில் பெண் இருக்கும் உரிமை. அந்த உரிமையை நான் இரவுக்கும் நீட்டிக் கேட்கிறேன். ஏனென்றால் தங்க இடமில்லாதவளுக்குக் கடல் மாலை ஆறு மணிக்கே முடிந்துவிடுகிறது.

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் போகிறோம். திட்டத்துக்குப் பிறகு சூட்டிய பெயர் ‘விடியல் பயணம்’. எத்தனையோ பெண்களின் கையில் மாதக்கடைசியில் மிஞ்சும் பணம் அது, அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் ‘தோழி’ விடுதிகளும் வந்திருக்கின்றன. நல்லது. ஆனால் கவனியுங்கள், இங்கேயும் உழைக்கிற பெண்ணுக்குத்தான் தோழி கிடைக்கிறாள். ஊர் பார்க்க வந்தவளுக்கு இன்னும் லாட்ஜ் வாசல்தான்.

அந்த வாசலில் நடப்பதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தென்கடற்கரை ஊர் ஒன்றில் நாங்கள் நான்கு பேர், எல்லோரும் நாற்பதைத் தொட்டவர்கள், இரவு எட்டு மணிக்கு லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினோம். கையில் இருந்த பணம் மலிவான அறைக்குத்தான் காணும். முதல் இடத்தில் “ரூம் இல்ல” என்றார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் பலகை நிறையச் சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டாவது இடத்தில், “ஃபேமிலிக்கு மட்டும்தான் மேடம்.” “நாங்க எல்லாரும் ஃபேமிலி உள்ளவங்கதான்” என்றாள் தோழி. “ஜென்ட்ஸ் யாராவது வந்தா குடுக்கலாம்” என்றார் அவர். மூன்றாமவர் பெரியவர், குரலில் அன்பு இருந்தது. “உங்க சேஃப்டிக்குத்தாம்மா சொல்றேன். ஏதாவது ஆச்சுன்னா போலீஸ் எங்களத்தான் கேக்கும்.” எங்கள் பாதுகாப்பை நினைத்து, எங்களை இரவில் தெருவுக்கு அனுப்பிவைத்தார். நான்காவது இடத்தில் அறை கிடைத்தது, பலகையில் எழுதியிருந்த வாடகைக்குமேல் ஐந்நூறு ரூபாய் வைத்து. உள்தாழ்ப்பாள் இழுத்ததும் கையோடு வந்தது. குளியலறை வென்டிலேட்டரில் ஒரு கண்ணாடியைக் காணோம். நாளிதழை மடித்து அதில் செருகிவிட்டு, மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, முறைவைத்துத் தூங்கினோம்.

இதைக் கேட்கும் பெண்கள் யாரும் வியப்படைவதில்லை. ஆளுக்கொரு மேசை இழுத்த கதை வைத்திருக்கிறார்கள். தேர்வெழுதப் பக்கத்து மாவட்டத்துக்குப் போனவள், நோயாளிக்குத் துணையாக வந்தவள், விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராகப் போகிறவள் என்று எல்லோரிடமும் அந்த மேசை இருக்கிறது.

அரசியலமைப்பின் 15ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்ற காரணத்தால் மட்டும் எந்தக் குடிமகளையும் கடைகள், பொது உணவகங்கள், தங்கும் விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் இவற்றில் நுழையவிடாமல் தடுக்கக்கூடாது என்கிறது. விடுதி என்ற சொல் அதில் தற்செயலாக வந்துவிடவில்லை. பரோடாவில் பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்த அம்பேத்கரைத் தடியோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. தங்க இடம் தேடி அலைந்து, கடைசியில் ஒரு பொதுத் தோட்டத்தில் துயரத்தோடு உட்கார்ந்திருந்ததை ‘வெய்ட்டிங் ஃபார் எ விசா’வில் அவரே எழுதியிருக்கிறார். அறை மறுக்கப்பட்டவர்களின் வரலாறு அந்த உட்பிரிவுக்குப் பின்னால் நிற்கிறது. அதில் சாதிக்கு அடுத்த சொல் பால். ஆதார் அட்டையில் பெயரையும் ஊரையும் தெருவையும் படித்துப் பார்த்துவிட்டு அறையைக் காலியில்லாததாக்கும் வித்தை தலித், இஸ்லாமியத் தோழிகளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். எனக்கு ஐந்நூறு ரூபாய் கூடுதலாக வைத்துக் கிடைத்த கதவு, அவர்களுக்கு அந்த விலைக்கும் திறக்காமல் போகலாம்.

“கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் தங்கினால் தப்பு, பெண்கள் மட்டும் தங்கினாலும் தப்பா வரும்” என்று சட்டத்தைத் துணைக்கழைப்பவர்களும் உண்டு. கோயம்புத்தூரில் இந்தக் காரணத்தையும் சொல்லி மூடி முத்திரை வைக்கப்பட்ட ஒரு தங்குமிடத்தின் வழக்கில், திருமணமாகாத இருவர் ஓர் அறையில் தங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவுமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஆகவே லாட்ஜ் மேசைக்குப் பின்னால் இருப்பது சட்டம் என்று நினைத்துத் தலைகுனிய வேண்டாம். அங்கே இருப்பது வெறும் வழக்கம்.

இனி அந்த அறிவுரைப் பட்டியலுக்கு வருகிறேன். நானும் அதை மாணவிகளுக்குச் சொல்கிறேன். வெளிச்சம் இருக்கும்போதே ஊர் போய்ச் சேருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அறையைப் பாருங்கள். உள்தாழ்ப்பாளை இழுத்துப் பாருங்கள், வென்டிலேட்டரையும் பக்கத்து அறைக்குப் போகும் கதவையும் பாருங்கள். ஆதாரின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த பிரதியைக் கொடுங்கள், அதை ஆதார் ஆணையமே தருகிறது. கதவு எண்ணை உரக்கச் சொல்லிச் சாவி கொடுத்தால் வேறு அறை கேளுங்கள். இந்தத் தகவல்கள் பயன்படும், மறைக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் இந்தப் பட்டியலைத் திருப்பிப் படியுங்கள். ஒவ்வொரு வரியும் விடுதிக்காரர் செய்யாமல் விட்ட ஒரு வேலை. அவர் மாட்டாத தாழ்ப்பாள், அவர் போடாத கண்ணாடி, எல்லோர் கைபேசி எண்ணும் தெரிய மேசைமேல் திறந்துபோட்ட அவருடைய பதிவேடு. அவர் கடமைகளை எடுத்து நம் பையில் அடைத்து, அதற்கு ‘பெண்கள் பாதுகாப்புக் குறிப்புகள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாளை ஏதாவது நடந்தால் முதல் கேள்வியும் அந்தப் பட்டியலிலிருந்துதான் வரும்: “தாழ்ப்பாளைப் பார்த்தீங்களா?”

“மலிவா வேணும்னா அப்படித்தான் இருக்கும், நல்ல ஓட்டலுக்குப் போங்க” என்பார்கள். இந்தப் பேச்சைத்தான் நான் முதலில் உடைக்க விரும்புகிறேன். காசு குறைந்தால் மெத்தை மெலியட்டும், ஏசி போகட்டும், வெந்நீர் வாளியில் வரட்டும். தாழ்ப்பாள் ஏன் போக வேண்டும்? ஒரு கொண்டியும் நான்கு திருகாணியும் இரும்புக்கடையில் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். பாதுகாப்பைச் சொகுசுப் பொருளாக்கி நட்சத்திரக் கணக்கில் விற்றால், சம்பளம் குறைந்தவளின் உடல் மலிவு என்றாகிவிடுகிறது. கண்காணா இடத்தில் பெண்ணைப் படமெடுப்பது 2013இலிருந்து தனிக் குற்றம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு, முதல்முறை பிடிபட்டாலே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. அறையின் வாடகையைப் பார்த்து அந்தத் தண்டனை குறைவதில்லை.

“எல்லாம் சரி, ஏதாவது நடந்துவிட்டால்?” ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் பெண்களுக்கெதிரான குற்றங்களில் ஆண்டுதோறும் முதலிடத்தில் நிற்பது, கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமை. அதைக் காட்டி “கல்யாணம் வேண்டாம், வீட்டுக்குப் போகாதே” என்று எந்தப் பெற்றோரும் மகளைத் தடுத்ததில்லை. வீட்டில் அடிவாங்கினால் அனுசரித்துப் போகச் சொல்பவர்கள், லாட்ஜில் நடக்கக்கூடியதை நினைத்து மட்டும் நடுங்குகிறார்கள். அந்த நடுக்கம் நம்மைப் பற்றியதா, குடும்பப் பெயரைப் பற்றியதா என்று கேட்டாக வேண்டும்.

என் கோரிக்கைகள் எளியவை. விடுதி உரிமம் தரும்போதும் புதுப்பிக்கும்போதும் தீயணைப்புக் கருவியைப் பார்ப்பதுபோல் உள்தாழ்ப்பாளையும் குளியலறைச் சன்னலையும் நடைவழி விளக்கையும் பார்க்க வேண்டும். பெண்கள் என்பதற்காக அறை மறுத்தால் அந்த உரிமம் ஆட வேண்டும். பதிவேடு மூடியிருக்க வேண்டும். மாமல்லபுரத்திலும் ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு ஓட்டல்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் மாணவி ஒருத்தி கைச்செலவுப் பணத்தில் எடுக்கக்கூடிய பெண்கள் படுக்கைக்கூடம் வேண்டும், துணை யார் என்ற கேள்வி இல்லாமல். கடற்கரையில் விளக்கும் கழிப்பறையும் வேண்டும். அவை மீன் விற்கும் பெண்ணுக்கும் வேண்டியவை, அவள் நம்மைவிட நீண்ட காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அதுவரை வீட்டிலிருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போகிற பெண்களைப் பார்த்துத்தான் ஊர் பழகும், காலியான வாசலைப் பார்த்து எந்த லாட்ஜும் திருந்தாது. நான்கைந்து பேராகச் சேருங்கள். அறை மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், பலருக்கு அந்த இடத்திலேயே சாவி கிடைத்துவிடும். தொல்லை என்றால் 112, மகளிருக்கு 181. அந்த ஊரில் புகார் கொடுக்க முடியாமல் திரும்பிவிட்டாலும் உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம், எல்லையைக் காரணம் காட்டி அவர்கள் பதிய மறுக்கக்கூடாது. தாழ்ப்பாள் ஆடினால் இரவு பத்து மணியானாலும் கீழே இறங்கிப் போய், ஆள் வந்து மாட்டும்வரை அந்த மேசை முன்னால் நில்லுங்கள். நாம் கொடுத்த வாடகையில் அந்தத் தாழ்ப்பாளும் சேர்த்தி.